பதினேழாம் வீட்டுப் பூஞ்சை

நாள் 212, காலை 11:20
பதிவு: மங்கையர்க்கரசி, பூஞ்சை அகற்றும் பணியாளர், செவ்வாய்க் குடியிருப்பு, சி பிரிவு.
ஒன்பதாம் வீடு. குளியலறைச் சுவருக்குள் கரும்பூஞ்சை, இரண்டு சதுர மீட்டர். குழாய் மூட்டில் கசிவு. பிளாஸ்டிக் திரை கட்டி, பலகையை அறுத்தெடுத்துப் பையில் கட்டினேன். காற்றுச் சோதனை சரி. பணி உடை கழுவல்: 20 நிமிடம்.

நாள் 213, மதியம் 2:20
பதினேழாம் வீடு. வழக்கமான சோதனை. பெனடிக்ட் ஓய்வுபெற்ற வெல்டர். சுரங்கத் தூசியால் நுரையீரல் பாதி கெட்டவர். சுவர்கள் சுத்தம். அவர் மனைவி பிலோமினா காபி கொடுத்தார். நான் கழற்றிய உடையை அவரே மடித்து, கட்டிலோரம் வைத்தார்.

நாள் 221, காலை 9:40
பதினேழாம் வீட்டிலிருந்து அழைப்பு. கட்டிலோரச் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. கசிவு எங்கும் இல்லை. பெனடிக்ட் விடாமல் இருமுகிறார். உடனே வந்ததற்குப் பிலோமினா நன்றி சொன்னார்.

நாள் 224, மாலை 5:10
ஒன்பதாம் வீட்டிலும் பதினேழாம் வீட்டிலும் இருப்பது ஒரே பூஞ்சை. என் உடையின் கழுத்துத் தையலைத் துடைத்துச் சோதித்தேன். அதிலும் அதே.
212ஆம் நாள் பதிவு பொய். கழுவறையில் ஐந்து நிமிடம்தான் நின்றேன். கேண்டீனைப் பதினொன்றரைக்கு மூடிவிடுவார்கள். பசி. வேறு காரணம் இல்லை.

நாள் 225, காலை 8:30
மேற்பார்வையாளர் செல்வினிடம் சொன்னேன். அவர் பதில்:
"கசிவுன்னு எழுதிடு மங்கை. உன் வேலையோட முடியாது இது. நம்ம பிரிவுல ஏழு பேர் வேலையும் போயிரும்."
கசிவு என்று எழுதிக் கொடுத்தேன்.

நாள் 227, மதியம் 12:15
பதினேழாம் வீட்டுக்கு நாற்பது நாள் சீல். உள்ளே போகிறவர் அதுவரை வெளியே வர முடியாது. யாரும் முன்வரவில்லை. பிலோமினா ரேடியோவில்:
"அவர ஒத்தையில திருப்பிப் படுக்க வைக்க முடியல. யாரையாவது அனுப்பச் சொல்லும்மா."
நான் போகிறேன். நல்ல மனசு என்று செல்வின் சொன்னார். நான் மறுக்கவில்லை.

நாள் 229, காலை 6:40
பெனடிக்ட் இறந்துவிட்டார். உறையிட்ட உடலைச் சுவர்த் திறப்பு வழியாக எடுத்துக்கொண்டார்கள். பெற்ற பெண்கூட இப்படி வந்திருக்க மாட்டாள் என்று சொல்லி, பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

நாள் 229, காலை 7:55
இதைப் படிப்பவர்களுக்கு: கசிவு இல்லை. பூஞ்சையைக் கொண்டுவந்தது என் உடை. அதே உடையோடு 4, 6, 11, 12, 20, 23ஆம் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். நான் உடையைக் கழற்றி வைத்த இடத்துச் சுவர்களைத் திறந்து பாருங்கள். இந்தப் பதிவு முழுவதையும் எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டேன்.
செல்வின் மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை.

நாள் 229, காலை 8:20
மறுபடி என் கையைப் பிடித்திருந்த பிலோமினாவிடம் நானே சொன்னேன். அப்படி என்ன அவசரம் என்று மட்டும் கேட்டார். பசி என்று சொன்னேன். கையை விட்டார். எதிர்ச் சுவரோரம் போய், முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

நாள் 229, மாலை 4
இன்னும் அப்படியேதான். ஒரே அறை. முப்பத்தெட்டு நாள் இருக்கிறது.
இரும ஆரம்பித்திருக்கிறார். என் மாஸ்க்கைக் கழற்றி நீட்டினேன்.
வாங்கவில்லை.