ஐந்தாம் வரியில் நிற்கும் தீவு

உன் நூலின் மறுபதிப்புக்கான மெய்ப்புத் தாள்கள் மேசையில் கிடக்கின்றன. மை வாடை இன்னும் போகவில்லை. இரும்பாலையின் கரித்தூள் ஜன்னல் வழியே வந்து அவற்றின்மேல் படிகிறது. கவரைப்பேட்டையில் எதையும் துடைத்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். நீ போய்ச் சேர்ந்துவிட்டதால், நேற்று உன் மகள் கொண்டுவந்தாள்.

"மாமா, அட்டவணைங்கள நீங்கதான் பாக்கணும். 'தப்பு இருந்தா அவன் கண்ணு வுடாது'ன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு."

சொல்லியிருப்பாய். உனக்குத் தெரியாததா?

ஒரே கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினோம். ஒரே மின்ரயிலில் போய்வந்தோம். நாடுகளின் பன்னாட்டு நிதித் துறையை எப்படி அளந்து ஒப்பிடுவது என்பது என் மூன்றாண்டு உழைப்பு. வங்கிகளில் உள்ள வெளிநாட்டுப் பணத்தை மட்டும் பார்த்தால் சின்னத் தீவுகூட மாபெரும் நிதி மையமாகத் தெரியும். ஒரு வாசலில் வந்து மறுவாசலில் போய்விடும் பணத்தைக் கழித்தால்தான் உண்மையான அளவு புரியும். அப்படிக் கழித்து நாடுகளை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டேன். கருத்துச் சொல்வாய் என்று, மீஞ்சூர் தாண்டும்போது அந்தக் கையெழுத்துப் பிரதியை உன்னிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் கருத்தரங்கில் அதை உன் ஆய்வாக வாசித்தாய். "கேள்வி ஏதும் உண்டா?" என்றார் தலைவர். பாதி தூக்கிய கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

திரும்பும் ரயிலில் என் தோளைத் தட்டினாய். "இன்னாபா, மூஞ்சி தொங்கிப்போச்சி? யார் பேர்ல வந்தா இன்னா, விஷயம் வெளிய வந்துச்சில்ல? உன்ன மேடையில ஏத்தினா மைக்கே பயந்துக்கும்!"

நானும் சிரித்துவைத்தேன். அதற்காக இன்றுவரை மன்னிக்கவில்லை, உன்னையும் என்னையும்.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நீ எடுத்துக்கொண்டது என் முதல் பிரதி. அதன் அட்டவணையில் ஐந்தாம் வரியிலுள்ள தீவு நாட்டுக்கு மட்டும், வந்து போகும் பணத்தைக் கழிக்க மறந்திருந்தேன். ஒரு வாரத்தில் கண்டுபிடித்துத் திருத்தினேன். அந்தத் தீவு கடைசி வரிக்குப் போய்விட்டது. அந்த ஆய்வையே விரித்து நீ வெளியிட்ட நூலிலோ அது ஐந்தாம் வரியிலேயே நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தியிருப்பாய். சொல்லவில்லை. நூலகத்தில் உன் நூலை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைப்பேன். அவ்வளவு சுகமாக இருக்கும்.

இன்று காலை உன் மகளை வரச்சொல்லி, முதல் பிரதியின் கார்பன் நகலையும் திருத்திய பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். நூலில் சேர்க்க வேண்டிய அடிக்குறிப்பையும் எழுதி நீட்டினேன்: "ஐந்தாம் வரியிலுள்ள பிழை என்னுடையது. இந்த அட்டவணையும் என்னுடையது."

இரண்டு முறை படித்தாள். "இதப் போட்டா அப்பாவத் திருடன்னு சொல்றா மாதிரி ஆவாதா, மாமா?"

வேறு எந்த நாளிலும் "அப்படின்னா வேணாம்மா" என்றிருப்பேன்.

"ஆகும்மா" என்றேன்.

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதுகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நீ இருந்தபோது சொல்லத் துணியாதவன்தான் நான். அந்த வெட்கம் என்னோடு இருக்கிறது. கோபமும் துளிகூடக் குறையவில்லை.