இடுப்பு உயரத்தில் கஞ்சிப் பானை

மச்சான்,

எழுந்ததும் கத்தாதே. நான் ஆவடி பட்டாளத்துக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டேன். கஞ்சிப் பானை, தண்ணீர்ச் செம்பு, உன் பீடிக் கட்டு எல்லாவற்றையும் செங்கல் அடுக்கி உன் இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறேன். குனியாமலே எடுக்கலாம். நேற்று உன்னை ஏற்றிவந்த மாட்டு வண்டியில், தஸ்தகீர் மேஸ்திரி போட்டனுப்பிய உடைசல் கல்தான்.

முப்பது வருஷமாகச் சுவர் கட்டுகிற அந்த மனுஷனுக்கு நான் தினமும் இப்படித்தான் அடுக்கிக் கொடுக்கிறேன். அவர் குனிவதே இல்லை. போன வாரம் சேர்ந்த கங்காதரனோ பயத்தில் கல்லை முட்டை மாதிரி ஒவ்வொன்றாக எடுக்கிறார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருஷக் கொத்தனார் நீதான், வெள்ளைக்காரத் துரை பார்க்கிறாரென்று மேஸ்திரியை முந்தப்போய், தரையிலிருந்து கைக்கு இரண்டாக அள்ளினாய். உனக்கும் அடுக்கித் தரவா என்று கேட்டேன். "சித்தாளு நீ, கொத்தனாருக்கே புத்தி சொல்றியா? போய் கல்ல தூக்கினு வா" என்றாய். நான் திரும்புவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டு அரிவாள் மாதிரி வளைந்து நின்றாய்! அந்த வளைவோடே உன்னை நாலு பேர் வண்டியில் ஏற்றியதை நினைத்தால், எழுதும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. நீ முனகும்போது மட்டும் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் திருவேற்காட்டு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிட வருவார். கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழிடவில்லை.

தாட்சாயிணி

சொல்ல மறந்துவிட்டேன். உன் கொத்துக் கரண்டி மட்டும் தரையில் கிடக்கிறது. நான்தான் போட்டேன். "அம்மா" என்று கத்தாமல் அதைக் குனிந்து எடுக்கிற அன்றைக்கு வேலைக்கு வா. வந்து என்னிடம் கேள், உனக்கும் அடுக்கித் தருகிறேன்.