எட்டு வாரத்தில் நல்லவன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நான் தத்துவம் படிக்கிறேன். பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கித் தருவாள் என்று பார்த்தால், ‘இன்றைய நற்பண்பு அறவியல்’ என்று எட்டு வார இணைய வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள் மனைவி. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டாள்.

திரையில் பதினான்கு முகங்கள். ஓய்வுபெற்ற விமானி ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். என்ன செய்யணும் என்று விதியைத் தேடாதீர்கள், எப்படிப்பட்ட ஆளாக ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று கேளுங்கள் என்றார் ஆசிரியை. கேட்டுப் பார்த்தேன். தொப்பை போட்ட ஆளாக.

மார்ச் 10

வகுப்பு நேரத்தில் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். பதிவை அப்புறம் கேட்டுக்கொள்ளலாமாம். நற்பண்பு எங்கே ஓடிவிடப் போகிறது.

மார்ச் 12, வியாழன்

நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில், ரத்தம் எடுக்கும் அறையில் இன்று ‘சங்கீதம்’ முறை. எந்நேரமும் மூக்காலேயே பாடுவதால் நான் அவளுக்கு வைத்த பெயர் அது. எங்கள் இருவருக்கும் ஒன்பது வருஷமாக ஆகாது. மகனின் பள்ளியிலிருந்து போன் வருகிறது, பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பெருந்தன்மையோடு உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்து, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். காதில் இயர்போன், அதில் செவ்வாய்க்கிழமை விட்ட பாடம். தலைப்பு: கவனம் என்னும் பண்பு. நல்ல பாடம்.

மார்ச் 16, திங்கள்

இரண்டு பேரின் முடிவுகள் மாறிப்போயிருக்கின்றன. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரை, கெட்டுப்போகிறது என்று சொல்லி நான்கு நாள் அழவைத்திருக்கிறோம். நிஜமாகவே கெட்டுக்கொண்டிருக்கும் தையற்காரரை, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பழைய அறிக்கையோடு ஒத்துப்போகவில்லையே என்று தலைமை டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னதால் தெரிந்தது.

வியாழன், பதினொன்றே கால் மணி. கணினியில் இருப்பது சங்கீதத்தின் பெயர். அவள் திறந்து வைத்துவிட்டுப் போன திரையில்தான் நான் வேலை பார்த்தேன்.

நான்தான் ஒட்டினேன்.

மார்ச் 17

நடுவில் பத்து நிமிஷம் தான் அறையில் இல்லை, என்னை உட்காரவைத்துவிட்டுப் போனதாகச் சங்கீதம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “நான் உட்கார்ந்திருந்தப்ப யாரும் வரல டாக்டர்.” என் வாயிலிருந்து எவ்வளவு வழவழப்பாக வந்தது அது. விசாரணை முடியும்வரை அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாலை வகுப்பு: வாய்மை. இரண்டு முறை கையுயர்த்திப் பேசினேன். விமானி தலையாட்டினார்.

மார்ச் 20

துணிச்சல் கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவே இருக்கிறதாம். நானும் நடுவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட காரியத்தில் அவசரப்படக் கூடாது அல்லவா.

மார்ச் 24

‘நேர்மையாக நடந்துகொண்ட ஒரு தருணம்’ — வீட்டுப்பாடம். பேருந்தில் கிடந்த குடையை ஒப்படைத்த கதையை எழுதியிருந்தேன். ஆசிரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். சந்தோஷமாக இருந்தது.

வகுப்பு முடியும் நேரத்தில், என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு தப்பு செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். ஆசிரியை முழுதாகக் கேட்டார். “சொன்னா என்ன ஆகும்னு அவர் பயப்படுறாரு, சரி. சொல்லாம இருந்தா, அடுத்த பொய் அவருக்கு இன்னும் சுலபமா வரும். அதுக்கு ஏன் பயப்படல?”

பதிமூன்று பேரும் என் நண்பருக்காக வருந்தினார்கள். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு ஏது நண்பர்?” என்றாள்.

மார்ச் 26

அவளப் பிடிக்காது, சரி. பாட்டு சகிக்கல, சரி. அதுக்கு இதுவா? அவ பேர் கெடுறத வேடிக்கை பாக்குற அளவுக்கா? — வேலை போயிடுமோ. போனா போகட்டும்னு சொல்ல வாய் வரல. பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இவ என் சட்டையை இஸ்திரி போட்டு வச்சா. நாளைக்குப் போட்டுட்டுப் போறதுக்கு.

மார்ச் 27, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். “அன்னிக்குச் சொன்னது பொய் டாக்டர். அந்தச் சீட்டை ஒட்டினது நான்தான்.”

கவனம் எங்கே இருந்தது என்று கேட்டார். காதில் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். என்ன பாடம் என்றார். அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இரண்டு வாரம் பணி இடைநீக்கம். அதன்பிறகு ரத்தம் எடுக்கும் அறைப்பக்கமே போகக் கூடாது. கீழே பதிவு மேஜை. நோயாளிகள் இருவரிடமும் நேரில் மன்னிப்பு.

மார்ச் 29

சங்கீதத்தின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று பேசினாள். “இப்பவாவது சொன்னீங்களே, சரி. ஆனா பத்து நாள் என் பையன் முன்னாடி நான் தப்பு பண்ணினவளா உக்காந்திருந்தேன்.”

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 3

தையற்காரருக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. நான்கு நாள் தாமதத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லையாம். அது என் நற்பண்பு அல்ல, அவருடைய அதிர்ஷ்டம்.

ஏப்ரல் 22, புதன்

நேற்று கடைசி வகுப்பு. அந்த நண்பர் நான்தான் என்றேன். விமானி வழக்கம்போல் தலையாட்டினார்.

இன்று பதிவு மேஜைக்கு வயதான ஒரு அம்மா வந்தார். பெயர், பிறந்த தேதி கேட்டேன். எழுதிவிட்டு மறுபடி கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“ரெண்டு தடவை சொல்லிட்டேனே தம்பி. காது கேக்காதா உனக்கு?”

“கேக்கும்மா. இன்னொரு தடவை சொல்லுங்க.”