இறக்கத்தில் ஏறும் எண்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. போனில் நான் வண்டி என்று ஆரம்பித்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படி.

நிலைமை இதுதான். நீ போனதிலிருந்து, மலை மேல் இருக்கும் நம் ஊற்றிலிருந்து தண்ணீர் கேன்களைக் கீழே கொண்டுவர வாடகை லாரியைத்தான் நம்பியிருந்தோம். அந்த லாரிக்காரர் மூன்று மாதத்துக்கு முன் கையை விரித்துவிட்டார். அந்த இறக்கத்தில் பாரத்தோடு வந்து வந்து பிரேக் மாற்றியே ஓய்ந்துபோனாராம். கீழே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருத்தெருவாக வீடுகள், எல்லாரும் நம் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒன்று சொந்த வண்டி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுக் கொட்டகையைப் பூட்ட வேண்டும். மின்சார வேன் வாங்கலாம் என்றார் மாமா. என் போனே சாயங்காலம் வரை தாங்குவதில்லை, இவர் பேட்டரியில் மலை ஏறப்போகிறாராம் என்று நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். அவர் வழக்கம்போல் காதில் வாங்கவில்லை.

மூன்று கம்பெனிக்காரர்களை வரச் சொன்னோம். ஆளுக்கொரு பளபளப்பான புத்தகத்தோடு வந்தார்கள். ஒரு சார்ஜுக்கு இத்தனை தூரம் என்று அதில் போட்டிருப்பதெல்லாம் சமதரையில், காலி வண்டியை, எதிர்க்காற்றுகூட இல்லாத நாளில் ஓட்டிப் பார்த்த கணக்கு போலிருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு நம் கேனை ஏற்றி நம் ரோட்டில் இறக்கிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

முதலில் வந்தது நீள வண்டி. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. மூன்றாவது வளைவில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாகத் தவித்ததில், பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தது மூன்று சக்கரக் குட்டி வண்டி. நல்ல பிள்ளைதான், ஆனால் நம் பாரத்தில் கால்வாசிகூட அதற்குத் தாங்காது. மூன்றாவது நடுத்தரமான வேன். பின்தளம் இடுப்பு உயரத்தில் இருந்ததால் கேன் ஏற்றுகிறவர்களுக்கு முதுகு பிழைத்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு சின்னப் பெண். எத்தனை கேன் வேண்டுமானாலும் ஏற்றுங்கள் என்று சொல்லாமல், இத்தனைக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஓட்டியது நம் கொட்டகை ஆள் அவசரம்தான். வாழ்நாளில் ஒரு நாளும் அவசரப்படாத மனிதனுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நீதான், இப்போது அவன் பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிடுகின்றன.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நீ போன பிறகு நானும் அந்த இறக்கத்தில் எந்த வண்டியிலும் வந்ததில்லை. மேலே வேலை இருந்தால் பஸ்ஸில் போய், படிக்கட்டுப் பாதையில் நடந்தே இறங்கி முட்டியைக் கெடுத்துக்கொண்டேன். உடற்பயிற்சி என்று மாமாவிடம் கதை விட்டிருந்தேன். ஆனால் வாங்கப்போகிறவள் ஏறாமல் யார் ஏறுவது? பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டில் அவசரத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

மாமா ஒரு வேலை செய்திருந்தார். கொட்டகையிலேயே சார்ஜ் போட வயர் இழுத்து, ஊருக்குக் கிளம்புகிறவனை உட்கார வைத்துப் பரிமாறுவது போல் வண்டிக்கு நூறு சதவீதமும் சார்ஜ் ஏற்றிவிட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. கிளம்பினோம். முதல் வளைவு தாண்டியதும் வண்டி தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. அவசரம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே வந்தான். பிடிக்கத்தான் செய்தது, ஆனால் அடுத்த வளைவு வரை பொறுக்க எனக்குத் துணிவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்தது, கொட்டகைக்குப் பூட்டுதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கும் முகம் வெளுத்துவிட்டது. சார்ஜ் எங்கே போடுகிறீர்கள் என்று முன்னாலேயே கேட்காமல் விட்டுவிட்டேனே என்று நொந்துகொண்டாள். இந்த வண்டி இறங்கும்போது சக்கரம் சுற்றுகிற வேகத்தையே மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்குமாம். அப்படிச் சேர்ப்பதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற கையாம். பேட்டரியில் இடமே இல்லை என்றால் அந்தக் கை வேலை செய்யாது, வெறும் பிரேக்தான். "வயிறு நிறைஞ்சவங்கள இன்னும் சாப்பிடச் சொன்னா எப்படிம்மா சாப்பிடுவாங்க?" என்றாள். மாமா பாவம், சேதி கேட்டதும் முதல் வேலையாக மேலே சார்ஜ் சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் கீழேயே சார்ஜ் போட்டோம், அதுவும் எண்பத்திரண்டோடு நிறுத்திவிட்டோம். காலி வண்டியாக மேலே போய்ச் சேர்ந்தபோது பேட்டரி மீட்டரில் எழுபத்தொன்று. அளவு தப்பாமல் கேன் ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.

தம்பி, இனிமேல் எழுதுவதை நீ நம்ப வேண்டும். அவசரம் ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்தான். எடுத்ததும் வண்டி நிதானத்துக்கு வந்தது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டது போல, அவ்வளவு மெதுவாக. இஞ்சின் சத்தம் இல்லை, கருகல் வாடை இல்லை. பின்னால் கேன்களுக்குள் தண்ணீர் தளும்புவது காதில் விழுந்தது. இத்தனை வருடமாகத் தண்ணீர் ஏற்றுகிறோம், அதன் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். மீட்டரைப் பார்த்தேன், எழுபத்திரண்டு. கண் சரியில்லை என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். அதற்குள் எழுபத்துமூன்று. நான் மீட்டரில் மூக்கு உரசும்படி குனிந்ததைப் பார்த்து அவசரம் பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசி வளைவும் வந்தது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், பழைய வண்டியை நீ மண்மேட்டில் மோதி நிறுத்தினாயே, அதே இடம். அந்த மேட்டில் இப்போது புல் முளைத்திருக்கிறது. அன்று உடைந்த கேன்களின் தண்ணீர் ரோடெல்லாம் ஓட, கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்து சாவியை என் கையில் வைத்துவிட்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அழுத்தினேன்க்கா. முழுசா அழுத்தினேன். காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல." அன்றைக்கு பஸ் ஏறினவன், கண்காணாத ஊரில் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்த வளைவில்தான் சரிவு அதிகம் அல்லவா? அங்கேதான் மீட்டரும் வேகமாக ஏறியது. உன்னைத் தள்ளிக்கொண்டு போன அதே பாரம், தம்பி, அதே இறக்கம். அதை வாங்கி வாங்கி இந்த வண்டி உள்ளே சேர்த்துக்கொள்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே வந்து நின்றபோது எழுபத்தெட்டு. ஏறும்போது செலவானதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது என்று மாமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ இவர் கண்டுபிடித்தது போல.

அதே மாதிரி மூன்று வேனுக்கு ஆர்டர் கொடுத்து, முதலாவது வந்தும்விட்டது. மேலே இழுத்த வயரைக் கழற்றி, சார்ஜை இனி கீழே மட்டும்தான் என்று வைத்திருக்கிறோம்.

இன்னொரு சேதி, சிரிக்கக்கூடாது. எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கப் பார்த்து, அக்காவுக்கு இந்த ஜென்மத்தில் கிளட்ச் வராது என்று நீ கைவிட்டாய் அல்லவா? இதில் கிளட்சே கிடையாது. போன வாரம் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பக்கத்தில் அவசரத்தை வைத்துக்கொண்டு பாரத்தோடு நானே இறங்கினேன். வண்டி ஒரு தடவைகூடத் திமிறவில்லை.

உன்னை ஓட்ட வரச் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். லீவு போட்டு ஒரே ஒரு தடவை வந்து என் பக்கத்தில் உட்கார். கண்ணாடி போட்டால் எனக்கு ரோடு தெரிகிறது, மீட்டர் தெரிவதில்லை. அந்தக் கடைசி வளைவில் எத்தனை என்று படித்துச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். பயமாக இருந்தால் சொல்லு, நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.

நீ நல்லா இருக்கணும்டா.

உன் வருகைக்கு இடம் விட்டு வைத்திருக்கும்,
அக்கா