காய்ச்சலை இறக்காதீர்கள்

நாள் 61, காலை 8.10
விண்கலத்தில் எல்லாம் சீர். செவ்வாய்க்கு இன்னும் பாதி வழி. கலத்தின் ஒரே பயணி, மருந்தியல் ஆய்வாளர் தமயந்தியாகிய நான், லேசாக இருமுகிறேன். கவலையில்லை. கிளம்புமுன் உள்ளிழுத்த நானோ துகள்கள் என் நுரையீரலில் காத்திருக்கின்றன. என் குழு பல வருடம் பாடுபட்டுச் செய்தவை. உடல்சூடு நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டால் அவற்றின் கொழுப்பு உறை உருகும். உள்ளிருக்கும் மருந்து கிருமிமேல் கொட்டும். முதல் சோதனை எலி நானேதான்.

நாள் 63, காலை 7.40
காய்ச்சல் 38.4. நெஞ்சு முழுக்கச் சளி. மருத்துவப் படுக்கையில் கிடக்கிறேன். தானியங்கிப் படுக்கை. அதற்கு 'சிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊசி குத்துமுன் கேட்கிற வழக்கம் அதற்கும் கிடையாது.

நாள் 65, காலை 11.15
38.3. மூச்சு வாங்குகிறது. கைவசமிருந்த ஆன்டிபயாடிக் எதுவும் இந்தக் கிருமியிடம் எடுபடவில்லை. துகள்களோ திறக்கவே இல்லை. பூமியிலிருந்து என் கணவர் சேதுவின் செய்தி:
"தமா, மாத்திரை போட்டியா? நெத்தியில ஈரத்துணி போட்டுக்கம்மா. காய்ச்சல மட்டும் ஏற விட்றாத."
சிரித்தேன். சட்டென்று சிரிப்பு நின்றது. படுக்கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. கையில் ஏறும் டிரிப்பில் பாரசிட்டமால். காய்ச்சல் எழும்போதெல்லாம் சிஸ்டர் அதைத் தட்டி உட்கார வைத்திருக்கிறது! மருந்து செய்த நாங்கள், படுக்கை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலென்றால் இறக்கு. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான்.

நாள் 65, பகல் 1.40
டிரிப்பைப் பிடுங்கிவிட்டேன். சிஸ்டரின் வயரையும். அறைச்சூட்டைக் கூட்டி, இருக்கிற கம்பளியெல்லாம் சுற்றிக்கொண்டேன். தலைமை மருத்துவர் நசீரின் செய்தி:
"தமயந்தி மேடம், நிமோனியா முத்திப்போச்சு. நாப்பது டிகிரிய உங்க இதயம் தாங்காது. சிஸ்டத்த உடனே ஆன் பண்ணுங்க. கெஞ்சல, உத்தரவு போடுறேன்."
பதில் அனுப்பினேன்: "டாக்டர், இறக்கி இறக்கித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கேன். தாங்குமா தாங்காதான்னு இதயத்துகிட்டயே கேட்டுக்கிறேன்."

நாள் 65, மாலை 5.50
39.6. உடம்பு தூக்கிப் போடுகிறது. பயமாக இருக்கிறது. சேதுவைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. அதற்காகவே ஏறட்டும். ஏறு, சனியனே, ஏறு.

நாள் 65, மாலை 6.35
40.1. நசீர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார், பாதியில் நிறுத்தினேன். சளியைச் சோதனைக் கருவியில் வைத்தேன். மருந்து இருக்கிறது! துகள்கள் திறந்துவிட்டன. நான் சொன்னேனா இல்லையா!
இதை யார் படித்தாலும் சரி: துகள் வேலை செய்கிறது. அடுத்து வருகிறவருக்கு, நாற்பதைத் தொடும்வரை காய்ச்சலை இறக்காதீர்கள். யார் உத்தரவு போட்டாலும்.

நாள் 65, மாலை 7
40.9. வேலை முடிந்தது, இறங்கு என்கிறேன். கேட்கமாட்டேன் என்கிறது. என்னைப் போலவே. நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது. இப்போது சிஸ்டர் வேண்டும். ஐஸ் வேண்டும். வயரைப் பிடுங்கியது நான். சொருக வேண்டியதும் நான். வயர் கையில்.
சொருகும் துளை இரண்டாகத் தெரிகிறது. பரவாயில்லை. இரண்டிலும் சொருகிப் பார்க்