உப்புச் சிரட்டை

1957 ஏப்ரல் 9, செவ்வாய். எட்டாம் நோன்பு.

சபீனா நோன்பு பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று கொழும்பு டாக்டர் சொல்லியிருந்தார். உடம்புக்குள் ஏதோ ஒரு சுரப்பி வற்றிவிட்டதாம். அதற்காகத் தினமும் காலையில் ஒரு குளிசை. அதைப் போடத் தொடங்கிய பிறகுதான் என் மனைவி உப்பை அள்ளித் தின்பதை விட்டாள்.

இன்று மஃரிப் பாங்கு கேட்டதும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினேன். நோன்பில்லாதவளின் கை எனக்கு முந்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் குசினியில் உப்புச் சிரட்டையோடு நின்றாள்.

"காலையில குளிச போட்டியா புள்ள?"

"ஓம், போட்டன். வேணுமெண்டா போத்தல எண்ணிப் பாருங்க."

எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது. ஆனால் போத்தலைப் பற்றி நான் கேட்காமலே எதற்கு எண்ணச் சொல்கிறாள்?

அவள் இஷாத் தொழுதுகொண்டிருந்தபோது தையல் பெட்டியைத் திறந்தேன். நூற்கண்டுகளுக்கு அடியில் எட்டுக் குளிசைகள். எறிய மனம் வரவில்லைபோலும். பெட்டியை இருந்தபடியே மூடினேன். தொழுகையில் நிற்பவளிடம் என்ன கேட்பது?

நாளைக் காலை அவள் விழுங்குவதைப் பார்க்காமல் தறிக்குப் போகமாட்டேன்.

இப்போது விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப மணிக்கூட்டைத் திருகிவைக்கிறாள். "உங்களுக்குத்தான்" என்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே.