வெள்ளிக் கண்கள்

உன்னைக் கொன்றது இந்த வெள்ளிக் கண்கள்தான் அண்ணா. இன்று காலை நகரி கடைத்தெருவில் நம் நைனா அம்மனுக்குச் சாத்தப் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்து சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார். அதே ரோஸ் காகிதம், அதே மெல்லிய தகடு. இந்த முறை உன் மகளுக்காக.

தறிக் கொட்டகையில் பஞ்சு பறக்கும். கண் அரித்தால் அங்கே எல்லோரும் செய்வதையே நீயும் செய்வாய். துண்டின் முனையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் வைத்து அழுத்தித் தேய்ப்பாய். "சொகமா கீதுடா" என்பாய். கண்ணாடிக் கடைக்காரர் பவர் ஏறிவிட்டது என்று சொல்லிச் சொல்லிப் புதுக் கண்ணாடி விற்றார். ஏன் ஏறுகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நீயோ சிரித்தாய். "ஒரு பல்பு மூணா தெரியுது. கரண்டு பில்லு மட்டும் ஒண்ணுக்குத்தான்."

திருப்பதியில் டாக்டரம்மா கருவிழியைப் படமெடுத்துப் பார்த்துத்தான் பெயரைச் சொன்னார், கெரட்டோகோனஸ் என்று. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறது, தேய்த்தால் இன்னும் தள்ளும். மருந்து விட்டு ஒளி பாய்ச்சினால் அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம், தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளுக்கும் வரலாம், அவர்கள் கண்ணையும் காட்டுங்கள் என்றார்.

நைனா கேட்கவில்லை. "ஆடி வரட்டும். ஆத்தாவுக்குக் கண்ணு சாத்தாம கண்ணுல கை வெக்கக் கூடாது." தறி முதலாளிக்கும் அது வசதியாகப் போயிற்று. திருவிழாவுக்குத் தறி நிற்கும்போது லீவு எடுத்துக்கொள் என்றார்.

ஆடியில் வெள்ளிக் கண்ணைச் சாத்திவிட்டுத் திருப்பதிக்குப் போனோம். கருவிழி ரொம்ப மெலிந்துவிட்டது, இனி அந்தச் சிகிச்சையைத் தாங்காது, கருவிழி மாற்றத்தான் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குக் காத்திருந்தபோதும் பைக்கில்தான் வேலைக்குப் போனாய். புத்தூர் ரோட்டில் எதிரே வந்த ஒரு லாரி உனக்கு எத்தனையாகத் தெரிந்ததோ. நேராக அதற்குள் போனாய் என்றார்கள் பார்த்தவர்கள். நடுவில் வழி இருப்பதாக நினைத்திருப்பாய். ஊர் அதை விதி என்றது.

அன்றிலிருந்து யார் கண்ணைத் தேய்த்தாலும் என் கை தானாகப் போய் அவர்கள் கையைப் பிடிக்கிறது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நேற்று உன் மகளின் கையைப் பிடித்தேன். "உடு சித்தப்பா, சொகமா கீது" என்றாள். போன வருடக் கண்ணாடி அவளுக்கு இப்போதே போதவில்லை.

"ஆடி வரட்டும்" என்றார் நைனா, இன்றைக்கும்.

வெள்ளிக் கண்களைக் காகிதத்தோடு எடுத்து அவர் கையில் வைத்தேன். "இத்த நீ எப்ப வேணா சாத்திக்கோ நைனா. பாப்பாவ நாளைக்கு மொத பஸ்ல திருப்பதிக்குக் கூட்டிக்கினு போறேன். சரின்னு சொல்லு."

அவர் ரோஸ் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.